வாயு என்று விட்டுவிடாதீர்கள்: சுங்கை சிப்புட்டில் அம்மாவுக்கு வந்த மாரடைப்பு

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நெஞ்சு அடைப்பதுபோல் இருந்தால் முதலில் இஞ்சித் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு தைலம் தேய்ப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஏப்பம் வரும்வரை முதுகைத் தட்டிவிடுவார்கள். ஆஸ்பத்திரி என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் எழும். இந்த வரிசை மாற வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன். அம்மா பிழைத்துக்கொண்டார், நன்றாக நடமாடுகிறார். மாரடைப்புக்கான சிகிச்சை கடந்த ஐம்பது ஆண்டுகளில் எவ்வளவோ வளர்ந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி எங்களைப் போன்ற சிற்றூர் வரை வந்து சேர்ந்தும் இருக்கிறது. வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை உள்ள தூரம் மட்டும் நம் பொறுப்பில் இருக்கிறது. அங்கேதான் நம்மில் பலர் உயிரை விடுகிறோம்.

சுங்கை சிப்புட், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கும் ஊர். சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்களால் வளர்ந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் ஊர் என்று சொன்னால் மலேசியத் தமிழர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. அம்மா சிறு வயதிலேயே பால்மரம் வெட்டப் போனவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தோட்டத் தொழிலாளர்கள் வாழ்ந்த லயத்து வீடுகள் காலியாகின. நாங்களும் பட்டணத்தை ஒட்டிய தாமான் எனப்படும் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். அம்மாவுக்கு நெடுநாளாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு, ரத்த அழுத்தமும் உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார்.

அம்மாவின் அப்பா, என் தாத்தா, 1979இல் லயத்து வீட்டில் இறந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் வந்து ஓர் ஊசி போட்டுவிட்டு, படுத்து ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார். மறுநாள் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) மணி அடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. டிரஸ்ஸர் மீது பாட்டிக்குக் கடைசிவரை வருத்தம் இருந்தது. இன்று யோசித்தால் அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு உலகத்தின் மிகப் பெரிய மருத்துவமனைகளிலேயே மாரடைப்புக்குச் செய்ய முடிந்தது குறைவு. படுக்கை ஓய்வு, வலிக்கு மார்பின், இதயத் துடிப்பு தாறுமாறானால் மின் அதிர்ச்சி. அடைபட்ட குழாயைத் திறக்கும் வழி அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் என்ற மருத்துவர் சூரிக் நகரில் இதயத் தமனிக்குள் முதன்முதலாகப் பலூனை ஊதி அடைப்பை விலக்கியது 1977 செப்டம்பரில். தாத்தா இறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. அந்தச் செய்தி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர இன்னும் ஒரு தலைமுறை ஆகவேண்டியிருந்தது.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு நெஞ்சு வலிக்கவே இல்லை. இதைத்தான் எல்லோரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சில நாட்களாகவே தாடை கனக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ஈசிஜி எடுக்கவில்லை. பிறகு ஒரு விடியற்காலையில் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு முறை வாந்தி எடுத்திருந்தார். மேல்வயிற்றில் கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருக்கிறது என்றார். காற்றாடி ஓடிக்கொண்டிருந்த அறையில் அவருடைய ரவிக்கை பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. தொட்டால் கை சில்லிட்டிருந்தது. "காற்று அடைத்துக்கொண்டது கண்ணு, கொஞ்சம் சுடுதண்ணீர் கொடு, போய்விடும்" என்றார்.

நான் சுடுதண்ணீர் வைக்கவில்லை, அவசர எண்ணான 999க்கு அழைத்தேன். அரசாங்கக் கிளினிக்கில் இனிப்புநீர் நோயாளிகளுக்கு நடக்கும் விளக்கக் கூட்டத்துக்கு அம்மாவோடு நானும் போவது வழக்கம். அங்கே ஒரு மிஸ்ஸி (தாதி) சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. நெடுநாள் சர்க்கரை நரம்புகளைக் கெடுத்துவிடுவதால் மாரடைப்பின் வலி மூளைக்கு எட்டாமலே போகலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மூச்சுத் திணறல், குமட்டல், காரணமில்லாத களைப்பு, குளிர்ந்த வேர்வை, தாடை, முதுகு, மேல்வயிறு இவற்றில் கனம் என்றுதான் பல நேரங்களில் அது வெளிப்படும். அந்த மிஸ்ஸி தன் பேச்சை முடிக்கும்போது சொன்னார்: "வேர்த்துக் கொட்டினால் வாயு என்று நினைக்காதீர்கள்." எங்கள் வீட்டை அந்த ஒரு வாக்கியம்தான் காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்தார். அவர் கணவர் இதய நோயாளி. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைக் குப்பியைக் கையிலேயே எடுத்து வந்திருந்தார். நல்ல மனத்தோடு கொண்டுவந்ததுதான். ஆனாலும் வேண்டாம் என்றேன். பின்னால் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கு வந்தது இதயத்தின் கீழ்ச்சுவரைத் தாக்கும் வகை. அதில் வலது பக்க அறையும் பாதிக்கப்பட்டிருந்தால் அந்த மாத்திரை ரத்த அழுத்தத்தைத் திடீரென்று வீழ்த்திவிடக்கூடும். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த இதய மாத்திரையை இன்னொருவர் வாயில் வைக்கக் கூடாது. ஆஸ்பிரின் விஷயமும் அப்படித்தான். 300 மில்லிகிராம் அளவு ஆஸ்பிரினை மென்று விழுங்குவது மாரடைப்பில் உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ரத்தக் கசிவு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து. 999இல் பேசுபவரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நான் செய்த வேலைகள் சில உண்டு. அம்மாவைப் பாதி சாய்ந்த நிலையில் உட்காரவைத்தேன், நடக்க விடவில்லை. முன்கதவையும் வேலிக் கதவையும் திறந்து வைத்தேன். கிளினிக் புத்தகத்தையும் மாத்திரைப் பையையும் அடையாள அட்டையையும் ஒரே பையில் போட்டேன். இந்தப் பை பிறகு எவ்வளவு உதவியது என்று சொல்லி மாளாது. அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அதில் இருந்தது. நம் வீடுகளில் மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி வைக்கும் பழக்கம் உண்டு. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். மாத்திரையின் பெயரும் அளவும் அச்சிட்ட உறையோடுதான் இருக்க வேண்டும்.

சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரியில் போய் இறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் ஈசிஜி எடுத்துவிட்டார்கள். நெஞ்சு அடைப்போடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுதும் பின்பற்றும் விதி. ஆகவே பதிவுக் கவுண்டரில் நின்று "வயிற்று வலி" என்று சொல்லாதீர்கள். "மாரடைப்போ என்று பயமாக இருக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, சர்க்கரை நோயாளி" என்று சத்தமாகச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் மற்றவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள். சிறு கிளினிக்குகளிலும் "ஈசிஜி எடுத்துப் பார்க்க முடியுமா?" என்று கேட்கலாம். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் திரும்ப எடுப்பார்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டதைக் காட்டும் டிரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். முதல் தாளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது.

அம்மாவுக்கு உயிர்க்காற்று (ஆக்சிஜன்) குழாய் வைக்கவில்லை. கூட வந்த உறவினர் ஒருவர் அதற்காகக் கோபப்பட்டார். மிஸ்ஸி பொறுமையாக விரலில் மாட்டியிருந்த கருவியின் எண்ணைக் காட்டினார். ரத்தத்தில் உயிர்க்காற்று போதிய அளவு இருப்பவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதால் பயன் இல்லை என்று ஸ்வீடனில் 6,629 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. பழைய பழக்கங்களில் எது உதவுகிறது, எது உதவவில்லை என்று சோதித்துப் பார்த்து விலக்குவதும் வளர்ச்சிதான்.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், மிகவும் இளையவர். ஈசிஜி தாளை என்னிடம் நீட்டி, மேலே எழும்பி நிற்கும் கோடுகளைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் கொழுப்புப் படிவு வெடித்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, குழாய் முழுவதும் அடைபட்டிருக்கிறது என்றார். மிஸ்ஸி அதைத் தமிழில் சொன்னதும், அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "மங்கில் பால் கட்டிக்கொள்கிற மாதிரியா?" வெட்டிய மரத்தில் பால் சொட்டச் சொட்ட மங்கில் உறைந்து கட்டிப்பால் ஆவதைப் பல ஆண்டுகள் பார்த்தவர். அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

பிறகு கேள்விகள் வந்தன. இதற்கு முன் பக்கவாதம் வந்ததுண்டா? தலையில் அடிபட்டதுண்டா? அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா? மலம் கறுப்பாகப் போனதா? ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்போகிறார்கள், அதனால் உடம்பில் வேறு எங்காவது ரத்தம் கசியும் இடம் இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். நூற்றில் ஒருவர் அளவுக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். கையெழுத்துப் போட நான் தயங்கவில்லை. இங்கே பலர் "அண்ணன் வரட்டும், மாமாவைக் கேட்கலாம்" என்று போன் போட்டுக்கொண்டே இருப்பதாக மிஸ்ஸி வருத்தத்தோடு சொன்னார். குழாய் அடைபட்டுக் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. செத்த தசை திரும்பி வராது. குடும்பத்தில் யார் முடிவெடுப்பது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊசிக்குப் பின்னால் நீண்ட கதை இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு தேடிப் படித்தேன். தொண்டைப் புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிலிருந்து வரும் ஒரு பொருள் ரத்தக் கட்டியைக் கரைக்கிறது என்று வில்லியம் டில்லெட் என்ற அமெரிக்க மருத்துவர் 1933இல் கண்டறிந்தார். அதுதான் ஸ்ட்ரெப்டோகைனேஸ். மாரடைப்பில் அது உண்மையாகவே உயிர் காக்கும் என்று நிலைநாட்ட அரை நூற்றாண்டு பிடித்தது. 1988இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 17,187 நோயாளிகள் பங்கேற்றார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ், ஆஸ்பிரின் இரண்டில் எதையும் பெறாதவர்களில் ஐந்து வாரத்துக்குள் நூற்றுக்கு 13 பேர் இறந்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஆஸ்பிரினும் சேர்த்துப் பெற்றவர்களில் அது நூற்றுக்கு 8 ஆகக் குறைந்தது. சில காசுக்குக் கிடைக்கும் ஆஸ்பிரினுக்கு இவ்வளவு பலம் உண்டு என்று உலகம் உணர்ந்தது அப்போதுதான். அடுத்து வந்த டெனெக்டிப்ளேஸ் மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் ஒரே ஊசியாகச் சில நொடிகளில் போட்டுவிடலாம். அம்மாவுக்குப் போட்டது அதுதான்.

எங்களைப் போன்ற ஊர்களுக்கு இன்னும் முக்கியமான ஆய்வு 2013இல் வந்தது. மாரடைப்பு வந்தால் நேரே பெரிய மருத்துவமனைக்குப் போய் பலூன் வைத்து அடைப்பைத் திறப்பதுதான் சிறந்த சிகிச்சை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த வசதியுள்ள இடம் தொலைவில் இருந்தால் என்ன செய்வது? வலி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் வந்து, ஒரு மணி நேரத்தில் பலூன் சிகிச்சை கிடைக்க வழியில்லாத 1,892 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு முதலில் ஊசி போட்டுவிட்டுப் பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மற்றவர்களை நேரே பலூன் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். இறப்பு, மறுபடி மாரடைப்பு, இதயச் செயலிழப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி, பெரிய ஆஸ்பத்திரியில் இதயக் குழாய்களைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோகிராம் என்ற ஏற்பாட்டுக்கு இதுதான் அடித்தளம். "இங்கே என்ன வசதி இருக்கிறது, நேராக ஈப்போவுக்கு ஓட்டிப் போய்விடலாம்" என்று காரைக் கிளப்புகிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் இருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள். ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு தசை பிழைக்கும். பன்னிரண்டு மணி நேரம் கடந்துவிட்டால் அதன் பயன் பெரும்பாலும் போய்விடும்.

ஊசி போட்ட ஒன்றரை மணி நேரத்துக்குள் அம்மாவின் மேல்வயிற்றுக் கனம் இறங்கியது. ஈசிஜியில் எழும்பி நின்ற கோடும் பாதிக்கு மேல் தாழ்ந்துவிட்டது. டாக்டர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன். அப்படித் தாழாதவர்களை உடனே பலூன் சிகிச்சைக்கு விரைந்து அனுப்ப வேண்டியிருக்குமாம்.

பிறகு ஆம்புலன்ஸில் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் போனோம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அது வெறுமனே பெரியாஸ்பத்திரி. மறுநாள் ஆஞ்சியோகிராம் செய்தார்கள். வலது கை மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அந்த வழியே மெல்லிய குழாயை இதயம் வரை செலுத்தினார்கள். அம்மா விழித்துக்கொண்டேதான் இருந்தார். வலது தமனியில் மிச்சமிருந்த அடைப்பைப் பலூனால் விரித்து, குழாய் மறுபடி சுருங்காமல் தாங்கும் சிறு வலைக்குழாயான, மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். வெளியே வந்தபோது மணிக்கட்டில் கண்ணாடிபோல் தெளிவான ஒரு பிளாஸ்டிக் பட்டை கட்டியிருந்தது. அதற்குள் காற்று அடைத்து, துளை போட்ட இடத்தை அழுத்தியிருந்தார்கள். மிஸ்ஸி அவ்வப்போது வந்து ஊசிக் குழலால் கொஞ்சம் காற்றை இறக்குவார், ரத்தம் கசிகிறதா என்று பட்டை வழியே பார்ப்பார், கசியவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறக்குவார். சாயங்காலம் அம்மா எழுந்து தானே கழிவறைக்குப் போய்வந்தார். முன்பெல்லாம் தொடை வழியாகச் செய்வார்கள், நெடுநேரம் காலை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டு வழியைக் கனடாவின் மருத்துவர் லூசியன் காம்போ 1989இல் வெளியிட்டார். ரத்தக் கசிவு குறைவு என்பதால் இன்று அதுவே முதல் தேர்வு.

இந்த எல்லாவற்றுக்கும் தொடக்கப் புள்ளியாக ஓர் ஆள் இருக்கிறார். 1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்ற சிற்றூர் ஆஸ்பத்திரியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் மருத்துவர், தன் கையின் ரத்தக் குழாய் வழியாகவே ஒரு குழாயைத் தன் இதயத்துக்குள் செலுத்திக்கொண்டு, நடந்தே போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். அவரை அப்போது யாரும் பாராட்டவில்லை. 1956இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது என்பதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. முதல் ஸ்டென்ட் மனித இதயத்தில் 1986இல் வைக்கப்பட்டது, மருந்து பூசியது 1999இல். வைத்த ஸ்டென்டுக்குள் மறுபடி தசை வளர்ந்து அடைப்பதை அந்த மருந்து பெருமளவு தடுக்கிறது.

ஸ்டென்ட் வைத்தாயிற்று, அடைப்பு போய்விட்டது, இனி என்ன மாத்திரை என்று நினைக்கும் இடத்தில்தான் அடுத்த ஆபத்து காத்திருக்கிறது. ஸ்டென்ட் திறந்தது ஒரு குழாயில் ஒரு சிறிய இடத்தை மட்டும். கொழுப்புப் படியும் நோய் எல்லாக் குழாய்களிலும் இருக்கிறது. அம்மாவுக்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரெல் மாத்திரையும் கொடுத்தார்கள். இந்த இரண்டாவது மாத்திரை பொதுவாக ஓராண்டுக்கு. அதை நடுவில் நிறுத்தினால் புதிய ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து திடீரென்று அடைத்துக்கொள்ளக்கூடும். அது முதல் மாரடைப்பைவிடக் கொடியது. அம்மாவுக்குப் பல் பிடுங்க வேண்டி வந்தபோது பல் கிளினிக்கில் குளோபிடோகிரெலைச் சில நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். நாங்கள் நிறுத்தவில்லை. முதலில் ஈப்போவில் இதய மருத்துவரைக் கேட்டோம். மாத்திரையை நிறுத்தாமலேயே பல்லை எடுத்தார்கள், பஞ்சு வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றுவிட்டது. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே கிளினிக்குக்குப் போய் வாங்கிவிடுங்கள், தீபாவளி விடுமுறையை ஒட்டித் தீர்ந்துபோகும்படி விடாதீர்கள்.

கொழுப்பு மாத்திரையைப் பற்றித்தான் நம்மவர்களிடம் அதிகப் புரளி. ஸ்டாடின் என்ற அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் ஈரல் போய்விடும், சிறுநீரகம் போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் வராத நாளில்லை. இந்த மருந்துக் குடும்பத்தைத் தொடங்கிவைத்தவர் அகிரா எண்டோ என்ற ஜப்பானியர். கிட்டத்தட்ட 6,000 வகைப் பூஞ்சைகளைச் சோதித்துப் பார்த்து, 1973இல் ஒன்றைக் கண்டெடுத்தார். 1994இல் 4,444 இதய நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஸ்டாடின் பெற்றவர்களில் இறப்பு 30 விழுக்காடு குறைந்திருந்தது. தசை வலி சிலருக்கு வரும். வந்தால் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார் அல்லது வேறு வகைக்கு மாற்றுவார். நாமாக நிறுத்துவதற்குக் காரணம் ஏதும் இல்லை. அம்மாவின் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு லிட்டருக்கு 1.4 மில்லிமோலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது மருத்துவர் வைத்த இலக்கு. பரிசோதனைத் தாளில் அந்த எண்ணைத்தான் நான் முதலில் தேடுகிறேன். மொத்தக் கொழுப்பைப் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. ஸ்டாடினாலும் இறங்காதவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை போடும் இன்க்ளிசிரான் என்ற ஊசிகூட இப்போது உலகில் வந்திருக்கிறது.

சர்க்கரை மாத்திரையையும் மாற்றினார்கள். எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்து சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுவது. இதய நோயுள்ள சர்க்கரை நோயாளிகளில் இதயக் கோளாறால் வரும் இறப்பை அது 38 விழுக்காடு குறைத்தது என்று 2015இல் ஆய்வு வெளிவந்தது. பிறகு சர்க்கரையே இல்லாத, இதயம் பலவீனமானவர்களுக்கும் அந்த வகை மருந்துகள் உதவுவது தெரியவந்தது. சர்க்கரையைக் குறைப்பதற்காக வந்த மருந்து இதய மருந்தாகவும் ஆகிவிட்டது. அந்தரங்க உறுப்பில் அரிப்பு வரலாம் என்பதை மிஸ்ஸி முன்கூட்டியே அம்மாவிடம் தனியாகச் சொல்லி, சுத்தமாக வைத்துக்கொள்ளும் விதத்தையும் சொல்லிக் கொடுத்தார். நம் அம்மாக்கள் இதை வெட்கத்தில் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுவார்கள். மகள்கள்தான் கேட்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்தவர்கள் மருந்தும் கொண்டுவந்தார்கள். பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாற்றைத் தேனில் காய்ச்சியது. மருதம்பட்டைக் கஷாயம். அடைப்பைக் கரைக்கும் என்று சொல்லி ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்தில் விலை உயர்ந்த ஒரு புட்டி. அன்போடு கொடுத்ததைத் தட்ட முடியாமல் வாங்கி வைத்தோம், அம்மாவுக்குக் கொடுக்கவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடு சில மூலிகைகள் சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடும். பூண்டைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

சாப்பாட்டில் எங்களுக்குக் கடினமாக இருந்தது உப்புதான். கருவாடு, ஊறுகாய், சார்டின் டின், பிளாச்சான் (இறால் விழுது) போட்ட சம்பல் என்று அம்மாவின் நாக்கு உப்பில் வளர்ந்தது. புளியும் மிளகும் சீரகமும் கூட்டி, உப்பைச் சிறுகச் சிறுகக் குறைத்தோம். டின் பால் ஊற்றிய தேநீர் போய், சர்க்கரையில்லாத தேநீர் வந்தது. செம்பனை எண்ணெயில் பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு என்று உணவு ஆலோசகர் சொன்னபோது அம்மாவின் முகம் வாடியது. எங்கள் வட்டாரமே அந்த மரத்தை நம்பிப் பிழைக்கிறது. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல், பொரிப்பதைக் குறைத்து அளவாகப் பயன்படுத்தச் சொன்னார். ரொட்டி சானாய் இப்போது மாதம் ஒரு முறை.

செலவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மலேசியக் குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி. பெரிய சிகிச்சைச் செலவைச் சமாளிக்க முடியாதவர்கள் மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைக் கேட்கலாம். வெட்கப்பட்டுக்கொண்டு நகையை அடகு வைக்க ஓட வேண்டியதில்லை. பைபாஸ் தேவைப்படுகிறவர்களைப் பினாங்கு மருத்துவமனைக்கோ, 1992இல் தொடங்கப்பட்ட கோலாலம்பூர் ஐஜேஎன் எனப்படும் தேசிய இருதயக் கழகத்துக்கோ அனுப்புகிறார்கள். நாட்டின் முதல் இதய மாற்றுச் சிகிச்சை 1997இல் நடந்தது ஐஜேஎன்னில்தான். எல்லா அடைப்புக்கும் ஸ்டென்டோ பைபாஸோ தேவை என்பதும் இல்லை. மாரடைப்பு வராமல், நடந்தால் மட்டும் நெஞ்சு இறுகுகிறவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல மருந்தே போதும், ஸ்டென்ட் வைப்பதால் ஆயுள் கூடுவதில்லை என்று 5,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஆகவே யாராவது "உடனே வைத்தாக வேண்டும்" என்று அவசரப்படுத்தினால், இது மாரடைப்பா, நாட்பட்ட அடைப்பா என்று கேளுங்கள்.

பெரியாஸ்பத்திரியில் நடைப்பயிற்சி வகுப்புக்கு அம்மாவை அனுப்பினார்கள். முதலில் வார்டு வராந்தா, பிறகு தாமானில் ஒரு சுற்று, பிறகு கோயில் வரை. பேச முடிகிற அளவுக்கு மூச்சு, பாட முடியாத அளவுக்கு வேகம் என்பது அவர்கள் சொன்ன அளவு. அம்மாவுக்கு ஈப்போ கல்லுமலையில் தைப்பூசப் பால்குடம் எடுக்கும் வேண்டுதல் ஒன்று பாக்கி இருந்தது. வெறுங்காலோடு வெயிலில், விரதத்தில், தண்ணீர் குடிக்காமல் நடப்பது என்றால் சர்க்கரை மருந்தும் அழுத்த மருந்தும் சாப்பிடுகிறவருக்கு மயக்கம் நிச்சயம். டாக்டர் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு, நடையந்திரத்தில் சோதனை செய்து பார்த்த பிறகு, விடியற்காலையில், விரத நாட்களில் மருந்தளவைத் தங்களிடம் கேட்டுக்கொண்டு போகலாம் என்றார். அம்மா ஒப்புக்கொண்டார். வேண்டுதலை அடியோடு மறுத்திருந்தால் யாருக்கும் சொல்லாமல் போயிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

கடைசியாகத் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான், நாற்பதைத் தாண்டிவிட்டான், புகைபிடிப்பான். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வு, உலகின் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் புகை, கொழுப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தொப்பை போன்ற ஒன்பது காரணிகள் என்று காட்டியது. அதே ஆய்வின்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாட்டவருக்கு 59ஐ ஒட்டி. நம் மூதாதையர் கப்பலேறி வந்தபோது இந்த உடல்வாகும் கூடவே வந்திருக்கிறது. மலேசியப் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை என்று 2019 தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம்.

அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயது நிறைந்தவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். தம்பியை அதற்கு அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது, எல்டிஎல் அம்மாவுக்கு மாரடைப்பு வந்தபோது இருந்ததைவிட அதிகம். அவனுக்கு ஒரு வலியும் இல்லை. "ஒன்றும் செய்யவில்லையே அக்கா, எதற்கு மாத்திரை?" என்றான். அம்மா பக்கத்திலிருந்து தன் மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். புகைபிடிப்பதை நிறுத்துவதற்கென்றே அரசாங்கக் கிளினிக்கில் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. அங்கே பெயர் கொடுத்திருக்கிறான். ஸ்டாடின் தொடங்கியாயிற்று. அடுத்த ரத்தப் பரிசோதனை மூன்று மாதத்தில். லாரி வேலை இருந்தாலும் அன்றைக்கு விடுப்பு எடுக்கும்படி இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.